பதினஞ்சாவது ஜோடி

ரெங்கராஜுதான், தம்பி. முதல்ல கெடுத்தவன் அவன்தான். அதுக்கப்புறம் ஆளாளுக்கு என்னென்னமோ பண்ணாங்க, நான் இல்லேங்கல. ஆனா ஆரம்பிச்சு வச்சது ரெங்கராஜு. யாரைங்க இப்படி முணுமுணுன்னு திட்டிக்கிட்டே வர்றீங்கன்னு நீங்க கேட்டீங்கள்ல, அதனால சொல்றேன். இல்லேன்னா நான் பாட்டுக்குத் தனியாத் திட்டிக்கிட்டே வந்திருப்பேன். எனக்கு அது பழக்கம்தான்.

நல்லா உள்ள தள்ளி உக்காருங்க. ஸ்ரீரங்கம் கோயிலுக்கா? நான் அதுக்கு முன்னாடியே எறங்கிடுவேன், அம்மாமண்டபம். பஸ் இப்பதான் பாலக்கரையே தாண்டுது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல வேற நிறுத்திப் போட்டுடுவான். நேரம் கெடக்கு.

எம்பேரு பிச்சை. காந்தி மார்க்கெட்டுல மூட்டை தூக்கினவன். ஊரு உப்பிலியபுரத்துப் பக்கம். ரெங்கராஜுக்கும் அதே ஊருதான். ரெண்டு பேரும் ஒரே பஸ்ல ஏறி வந்து, ஒரே வெங்காய மண்டியில வேலைக்குச் சேந்து, எடமலைப்பட்டி புதூர்ல பக்கத்துப் பக்கத்து வீட்டுல குடியேறினோம். அவன் என்னை மச்சான்னு கூப்பிடுவான், நான் அவனை மாப்ளேன்னு கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் ஒண்ணும் கெடையாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி ஆயிடுச்சு.

லாரியில லோடு எறக்கிப் பாத்திருக்கீங்களா? மேல ஒருத்தன் நின்னு மூட்டையைத் தள்ளி வைப்பான். கீழ ஒருத்தன் முதுகு குடுப்பான். மேல நிக்கிறவனுக்குக் கை சரியில்லேன்னா கீழ நிக்கிறவனுக்குக் கழுத்து போயிடும். எனக்கு மேல நின்னது எப்பவும் ரெங்கராஜுதான். வேற எவன் வச்சாலும் தொம்முனு வைப்பான். இவன் வச்சா மூட்டை வந்ததே தெரியாது. அப்படி ஒரு கை அவனுக்கு. கெட்டவன்தான், ஆனா கையைப் பத்திப் பொய் சொல்லக் கூடாதுல்ல.

அவன் நல்ல உசரம். நான்தான் பாக்குறீங்களே, இவ்வளவுதான்.

எங்க தெரு முனையில வேப்பமரத்தடியில ஒரு காளியம்மன் கல்லு இருந்துச்சு. அதை ஆறு பேரு சேந்து கோயிலா எழுப்பினோம். நான், ரெங்கராஜு, அழகர்சாமி, பீமராவு, சோலைமுத்து, மருதை. எல்லாரும் தெருக்காரங்கதான். செங்கல்லுலேருந்து நாங்களே சொமந்தோம். ஊர்வலம் போறதுக்கு ஒரு சின்ன அம்மன் சிலையும் செஞ்சாச்சு, அதை வச்சுத் தூக்க ஒரு சப்பரமும் செஞ்சாச்சு. சப்பரம்னா தேரு மாதிரி நெனச்சுக்காதீங்க. ஒரு பலகை, ரெண்டு பக்கமும் நீளமாக் கழி. நாலு முனை, நாலு தோளு. அவ்வளவுதான்.

வைகாசியில திருவிழா. அம்மனை வேன்ல ஏத்திக்கிட்டு மாம்பழச்சாலை வரைக்கும் வருவோம். அங்கேருந்து தோள்ல தூக்கிக்கிட்டு அம்மாமண்டபம் படித்துறைக்குப் போயி, காவேரியில தீர்த்தமாட்டித் திரும்பக் கொண்டாரணும். முதல் வருஷம். பொம்பளைங்க எல்லாம் பட்டுப் புடவை கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. என் வீட்டுக்காரி பொன்னுத்தாயி, துறையூர்லேருந்து அவ தங்கச்சியை வேற வரவழைச்சிருந்தா. எங்க வீட்டுக்காரரு சாமி தூக்குறாரு, வந்து பாருடின்னு.

வேன்லேருந்து எறக்குனதும் ரெங்கராஜு நடுவுல வந்து நின்னுக்கிட்டான். யாரும் அவனை நாட்டாமையா வைக்கல. அவனா நின்னுக்கிட்டான். நீ வா, நீ வான்னு மூணு பேரைத் தொட்டான், நாலாவது அவன். நான் துண்டைத் தோள்ல மடிச்சுப் போட்டுக்கிட்டு முன்னால போறேன். என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னான் தம்பி: மச்சான், நீ குடையைப் புடி, நீ தூக்கினா உன் பக்கம் ஆத்தா சாஞ்சிடும்.

தெருவே சிரிச்சுது. சிரிக்கட்டும். பொன்னுத்தாயி தங்கச்சியும் சிரிச்சா. பொன்னுத்தாயி சிரிக்கல, புடவைத் தலைப்பை எடுத்து இழுத்துப் போத்திக்கிட்டா. அதைத்தான் என்னால மறக்க முடியல.

இல்லீங்க, விளையாட்டுக்குச் சொன்னது இல்ல. விளையாட்டுன்னா தனியாச் சொல்லணும். அத்தனை வருஷம் மார்க்கெட்டுல இவன் வச்ச மூட்டையைச் சொமந்திருக்கேன், ஒரு மூட்டை சாஞ்சிருக்குமா? பல்லாரி லோடு, சின்ன வெங்காய லோடு, ஒண்ணாவது சாஞ்சிருக்குமா? மூட்டைக்குச் சாயாதவன் சாமிக்கு மட்டும் எப்படிச் சாய்வான்? இதைத்தான் நான் அவன்கிட்ட நேருக்கு நேரா ஒரு தடவை கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

அன்னிக்குக் குடையைப் புடிச்சேன். பக்கத்துல மருதை தீர்த்தக் குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்தான். அவனையும் ஒதுக்கியாச்சு, ஆனா அவனுக்கு அதெல்லாம் ஒறைக்காது. வெத்தலையை மென்னுக்கிட்டே வந்தான். நான் அன்னியோட ரெங்கராஜுகிட்ட பேச்சை நிறுத்தினேன். மார்க்கெட்டுல வேற ஆளை மேல நிக்கச் சொன்னேன். அந்த ஆளு வச்ச வைப்புல போன கழுத்துதான், இன்னும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது. அதுவும் ரெங்கராஜு கணக்குதான்.

ஆ, சத்திரம் வந்துருச்சு. எறங்காதீங்க, இது இன்னும் போகும். இந்தக் கூட்டம் ஏறுற வரைக்கும் நிக்கும்.

சரி. கோயில் விஷயத்துக்கு வர்றேன். திருவிழா முடிஞ்ச மறுநாளு டீக்கடையில ஆறு பேரும் உக்காந்தோம். நான் ரெங்கராஜைப் பாக்காம மத்த நாலு பேரைப் பாத்துச் சொன்னேன், கோயிலு ஆறு பேரோடது, ஆறு பேருக்கும் தோளு இருக்கு, இனிமே முறை வச்சுத்தான் தூக்கணும்னு. அழகர்சாமி எங்கள்ல கொஞ்சம் நிதானமான ஆளு. அவன் ஒரு படி மேல போயி, ஒரு தடவை தூக்குன அதே நாலு பேரு மறுபடி சேந்து தூக்கக் கூடாது, நாலு பேரு ஒரு கட்சின்னு ஆயிடும், வருஷத்துக்கு ஒரு நாலு பேருன்னு மாத்தி மாத்தி எல்லா விதமாவும் வந்து முடியட்டும், அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்னான். எல்லாரும் நல்ல யோசனைன்னுட்டாங்க. அப்படி மாத்தினா எத்தனை வருஷம் வரும்னு கேட்டதும்தான் சண்டையே.

பீமராவு, ஆறு பேரு இருக்கோம், அதனால ஆறு வருஷம்னான். சோலைமுத்து வெரலை மடக்கி மடக்கி முப்பதுன்னான். நான் ஆறு டீ கிளாஸை வரிசையா வச்சு, நாலு நாலா நகத்திப் பாத்தேன். நகத்தும்போதே எது நகத்துனது எது நகத்தாததுன்னு மறந்துடுது. கடைக்காரன் கிளாஸைக் குடுய்யான்னு கத்துறான்.

அப்பதான் வேணி வந்துச்சு. ரெங்கராஜு மக. பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்துச்சு, அப்பனைச் சாப்பிடக் கூப்பிட வந்தது. என்னை மாமான்னுதான் கூப்பிடும். கிளாஸைப் பாத்துட்டு, மாமா, தூக்குற நாலு பேரை எண்ணாதீங்க, தூக்காம நிக்கிற ரெண்டு பேரை எண்ணுங்கன்னுச்சு. நாலு பேரு தூக்குனா ரெண்டு பேரு மிச்சம், மிச்ச ரெண்டு பேரு மாறினா தூக்குற நாலு பேரும் மாறிடும், எல்லாம் ஒண்ணுதான்னுச்சு. அதுவே எண்ணியும் காட்டுச்சு. முதல் கிளாஸை எடுத்து மத்த அஞ்சு கூடவும் ஒவ்வொரு தடவை சேத்துச்சு, அஞ்சு ஜோடி. முதல் கிளாஸு கதை முடிஞ்சுது, அதைக் கடைக்காரன்கிட்ட குடுத்துருச்சு. ரெண்டாவது கிளாஸுக்கு மிச்சம் நாலு பேரு, நாலு ஜோடி. அப்புறம் மூணு, ரெண்டு, ஒண்ணு. கூட்டிப் பாத்தா பதினஞ்சு.

சோலைமுத்து ஒத்துக்கல, என் கணக்குல முப்பது வருதேன்னான். அதுக்கு வேணி சிரிச்சுக்கிட்டே, பிச்சை மாமாவும் எங்கப்பாவும் நின்னாலும், எங்கப்பாவும் பிச்சை மாமாவும் நின்னாலும் ஒரே ஜோடிதான் மாமா, நீங்க அதை ரெண்டு தடவை எண்ணிட்டீங்கன்னுச்சு. எத்தனையோ பேரு இருக்க எங்க ரெண்டு பேரைத்தான் அது சொல்லணுமா? எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ரெங்கராஜு மிச்சமிருந்த காலி கிளாஸை எடுத்து டீயைக் குடிக்கிற மாதிரி வாயில வச்சுக்கிட்டான்.

நான் விடல. முன்னால யாரு நிக்கிறது, பின்னால யாரு நிக்கிறது, வலப்பக்கம் யாரு, அதையும் மாத்தி மாத்தி எண்ணணும்னேன். அந்தப் பொண்ணு மனசுலயே பெருக்கிப் பாத்துட்டு, அப்படிப் பாத்தா முன்னூத்தி அறுபது வருஷம் ஆகும் மாமா, பரவாயில்லையான்னு கேட்டுச்சு. சரி, பதினஞ்சோட நிக்கட்டும்னுட்டேன்.

எந்த வருஷம் எந்த ஜோடி நிக்கிறதுன்னு அழகர்சாமிதான் வகை பண்ணான். எழுதி வைக்கல. ஆளுக்கு அஞ்சு ஜோடிதானே, அது மறந்துடுமா? நானும் மருதையும் முதல் வருஷமே நின்னாச்சு, அது ஒண்ணு கழிஞ்சுது. நானும் ரெங்கராஜும் நிக்கிற ஜோடியை மட்டும் கடைசில, பதினஞ்சாவதா வச்சான். என்னடா இதுன்னு கேட்டேன். அதுக்குள்ள உங்களுக்கு ஆறிடும்னான். பதினஞ்சு வருஷத்துல ஆறுற கோவமா இது? ஆனா நான் சரின்னுட்டேன். ஏன்னா ரூல்னா ரூல்தான் தம்பி. அந்த வருஷம் அவன் தப்பிக்க முடியாது. மாம்பழச்சாலையிலேருந்து ஆத்துக்குப் போயித் திரும்புற வரைக்கும் என் பக்கத்துல நடந்துதான் ஆகணும். ஒருத்தன் குடை, ஒருத்தன் குடம். அப்ப கேப்பேன். ஊரு பாக்க அவன் பதில் சொல்லணும்.

அதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எனக்கே சில நாளு சிரிப்பு வரும்.

பஸ் எடுத்துட்டான். இனிமே காவேரி பாலம் வரைக்கும் உருட்டுவான்.

நாலு வருஷம் நான் தூக்கினேன், ஒரு வருஷம் நின்னேன், மறுபடி தூக்கினேன், இப்படிப் போச்சு. தூக்கின வருஷம் எல்லாம் எனக்கு அவ்வளவா நெனப்பு இல்ல. தோள்ல பாரம் இருந்தா மனசு வேற எங்கயும் போகாது. நின்ன வருஷங்கதான் நெனப்புல இருக்கு. பீமராவோட நின்னப்ப, அவன் போக வரப் பல்லு கட்டின கதையையே சொன்னான். எந்தப் பல்லு ஆடுச்சு, எந்தப் பல்லைப் புடுங்கினாங்க, எதுல எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு, எல்லாம். சோலைமுத்து ஓரமா நிக்கிற ஒவ்வொரு கடைக்காரன்கிட்டயும் நின்னு பேசுவான், நான் குடையோட முன்னாலயும் பின்னாலயும் ஓடணும்.

அழகர்சாமியோட நின்ன வருஷம் வேற மாதிரி. அதுக்கு முந்தின திருவிழா முடிஞ்ச மறுவாரம் பொன்னுத்தாயி போயிட்டா. அடுத்த வருஷம் திருவிழா வைகாசி கடைசிக்குத் தள்ளிப் போச்சு, காப்புக் கட்டுறதுக்குள்ள வருஷத் தெவசமும் முடிஞ்சுது. எனக்குத் தீட்டுன்னு எந்தத் தடங்கலும் வரல. அவளும் என் முறையைக் கணக்குப் பண்ணிப் போன மாதிரியே இருந்துச்சு. மகளைத் திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கோம், அது எப்பவாவது வரும். அந்த வருஷம் பூரா நான் வீட்டுல பேசினதுன்னு ஒண்ணும் இல்ல. டிவியோட பேசினா அது கணக்குல வருமா? அழகர்சாமி அன்னிக்கு என் பக்கத்துல குடத்தோட நடந்துக்கிட்டே, நீ ராத்திரிக்கு என்னடா சாப்பிடுறன்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் திரும்பி வர்ற வரைக்கும் நிறுத்தாமப் பேசினேன். குடை சாஞ்சு அம்மன் மேல வெயிலு அடிக்குதுன்னு பூசாரி திட்டினாரு.

அப்ப நெனச்சுக்கிட்டேன், சும்மா பக்கத்துல நடந்தா போதும் போலருக்கு, மனுஷன் பேசிடுவான்னு.

ரெங்கராஜா? பொன்னுத்தாயி சாவுக்கு வந்தான். வந்தான்னு சொல்ல முடியாது. வாசல்ல பந்தக்காலைப் புடிச்சுக்கிட்டு நின்னான். எடுக்குற வரைக்கும் அங்கயே நின்னான். பக்கத்து வீட்டுக்காரன், உள்ள வந்து என் கையைப் புடிச்சு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? நான் கூப்பிடணுமாம். சாவு வீட்டுக்கு யாராவது கூப்பிட்டு வருவாங்களா? அதையும் சேத்து வச்சிருக்கேன்.

கேளுங்க, இதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அந்தப் பதினஞ்சு வருஷமும் ரெங்கராஜுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு நான் வேண்டாத சாமி இல்ல. ஆறு பேருல ஒருத்தன் கொறைஞ்சாலும் கணக்கு ஒடைஞ்சு போயிடும்ல. ஒருத்தன் தும்மினாக் கூட நான் போயி என்னன்னு விசாரிப்பேன். கொரோனா வந்தப்ப ரெண்டு வருஷம் திருவிழாவே இல்ல, அது கணக்குல சேராது. அந்த நேரம் ரெங்கராஜைப் புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க, மூச்சு வாங்குதுன்னு. எனக்கு உசுரே இல்ல. சமயபுரத்துக்கு நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டு, அவன் வீடு திரும்பினதும் நடந்தேன். அவன் பொஞ்சாதி ரங்கநாயகி அதைக் கேள்விப்பட்டு அழுதுச்சாம், அண்ணனுக்கு இவரு மேல எவ்வளவு பாசம்னு. பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு வரவேண்டியது இருக்கு. அதை வாங்காம அவனை எப்படி அனுப்புறது?

பதினஞ்சாவது வருஷம் வந்துச்சு. ஆறு பேரும் இருந்தோம். மருதை மட்டும் கொஞ்சம் தள்ளாடினான், ஆனா தூக்கிடுவான். நான் புது வேட்டி எடுத்தேன். கேக்கவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன், கண்ணாடி முன்னால நின்னு. முதல்ல கோவமாச் சொன்னேன். அது நல்லால்ல. அப்புறம் சாதாரணமாச் சொல்லிப் பாத்தேன்.

அன்னிக்குக் காலையில வேன் கெளம்புது, ரெங்கராஜைக் காணோம். வீட்டு ஆளுங்க யாரையும் அனுப்பல. எதுத்த வீட்டுப் பையன்கிட்ட சொல்லி விட்டிருக்கான், எனக்குத் தீட்டு, நான் வரலன்னு. என்ன தீட்டு? ஊர்ல அவன் பெரியப்பா மகன் சம்சாரம் செத்துப் போச்சு, உண்மைதான். ஆனா அதுக்குப் பதினாறாம் நாளு கருமாதி முடிஞ்சு, அதுக்கப்புறம்தான் எங்க கோயில்ல காப்பே கட்டினோம். பங்காளி வீட்டுச் சாவுக்குக் கருமாதியோட தீட்டு போச்சு. கொள்ளி வச்ச வீட்டுக்குத்தான் வருஷக் கணக்கு. இது அவனுக்குத் தெரியாதா? எங்க ஊர்ல யாரு வீட்டுத் தீட்டுக்கும் அவன்கிட்டதான வந்து கேப்பாங்க. வேணும்னே சொன்னான் தம்பி. என் பக்கத்துல நடக்கறதுக்குப் பயந்துக்கிட்டு, செத்துப் போன பொம்பளையைக் குறுக்க போட்டான்.

அழகர்சாமி, போயி ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பாருடா, பக்கத்து வீடுதானன்னான். நான் கூப்பிடுறதா? அவன்தான வரணும்? நான் போகல.

அன்னிக்கு நாலு பேரு தூக்கினாங்க. பின்னால நான் ஒத்தை ஆளு. வலது கையில குடை, இடது இடுப்புல குடம். யாராவது ஒருத்தரைச் சேத்துக்கன்னாங்க. எப்படிச் சேத்துக்குறது? அது எனக்கும் ரெங்கராஜுக்கும் உள்ள எடம். வேற ஆளை நிறுத்தினா அது வேற ஜோடி. ஒத்தை ஆளாப் போனா ஜோடியே இல்ல. ஆகமொத்தம் பதினாலோட நிக்குது.

மறுவருஷம் பையங்க சப்பரத்துக்கு டயர் வச்சுட்டாங்க. சீரியல் லைட்டு, ஜெனரேட்டரு, நல்லாத்தான் இருக்கு. தள்ளிக்கிட்டே போயிடலாம். யாரு தோளும் வேணாம், அதனால மிச்சம் நிக்கிற ஆளும் கெடையாது. அப்புறம் மருதை போயிட்டான். பீமராவு மகனோட ஓசூருக்குப் போயிட்டான். என் கணக்கு அப்படியே அந்தரத்துல நிக்குது.

பாத்தீங்களா, பாலம் வந்துருச்சு. தண்ணி இருக்கா? எனக்கு இந்தப் பக்கம் திரும்பாது, நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஓரமா ஓடுதா? போதும்.

என்ன கேட்டீங்க? ரெங்கராஜு இப்ப எங்க இருக்கானா?

எங்க போவான். அதோ டிரைவருக்குப் பின்னால, ஜன்னலோரம், பச்சைச் சட்டை. தலையை வெளிய நீட்டப் பாக்குறான் பாருங்க, அவன்தான்.

ஆமாங்க, நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன். போன தையில ரங்கநாயகி என் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. அண்ணே, அவருக்கு நெனப்பு தப்பிப் போச்சு, வேணி வெளிநாட்டுல இருக்கு, என்னால சமாளிக்க முடியலன்னுச்சு. வெள்ளிக்கிழமை ஆனா போதுமாம், குளிச்சு வேட்டி கட்டிக்கிட்டு, இன்னிக்கு என் முறை, நானும் பிச்சையும் அம்மனுக்குப் பின்னால நடக்கணும்னு கெளம்பிடுறானாம். ரெண்டு தடவை மெயின் ரோடு வரைக்கும் போயிட்டானாம். நான் போனேன். போகாம என்ன பண்றது. வாசல்ல உக்காந்திருந்தான். என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, ஐயா யாருன்னான்.

அன்னிலேருந்து வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான்தான் கூட்டிக்கிட்டு வர்றேன். ரங்கநாயகி அனுப்பி வச்ச ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருக்கான். மரியாதையாத்தான் பேசுவான், வாங்க போங்கன்னு. முதல் நாளு அம்மாமண்டபத்துல எறங்கி நடக்கும்போது என்கிட்டயே சொல்றான், பிச்சைன்னு ஒருத்தன் இருக்கான் ஐயா, எனக்குப் பக்கத்து வீடுதான், முதல்ல கெடுத்தவன் அவன்தான்னு. என்ன பண்ணாருன்னு கேட்டேன். நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன், அன்னியோட மார்க்கெட்டுல வேற ஆளுகிட்டப் போயி முதுகைக் குடுத்துட்டான், என் கை சும்மா நின்னுச்சுங்கறான். அப்புறம் அந்தத் தீட்டு நாளு. தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல ஐயா, வேட்டி கட்டிக்கிட்டு உள்ளதான் உக்காந்திருந்தேன், வாசல்ல நின்னு மச்சான்னு ஒரு குரல், இல்ல மாப்ளேன்னு ஒரு குரல் குடுத்திருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பேன், வேன் போற சத்தம்தான் கேட்டுச்சு, அப்படின்னான்.

டேய், நான்தான்டா பிச்சைன்னு சொன்னேன். ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். தோளைத் தட்டிச் சிரிக்கிறான். நீங்க இல்ல ஐயா, பிச்சை நல்ல உசரமான ஆளுங்கறான்.

கூட ஏன் உக்காரலையா? அவன் பக்கத்து சீட்டைப் பாருங்க. துண்டு போட்டிருக்கானா? பிச்சைக்கு எடம் போட்டு வச்சிருக்கானாம். யாரையும் உக்கார விட மாட்டான். இந்தக் கூட்டத்துல நாலு பேரு திட்டிட்டுப் போறாங்க, அப்பவும் எடுக்க மாட்டான். நான் போயி உக்காந்தாலும், ஐயா ஆளு வருதுங்க, கொஞ்சம் பின்னால போயி உக்காருங்கன்னு சொல்றான். நான் இங்க வந்து உக்காந்து திட்டிக்கிட்டு வருவேன். கண்டக்டருக்குத் தெரியும், ரெண்டு டிக்கெட்டுக்குப் பதிலா அந்த எடத்துக்கும் சேத்து மூணாக் குடுப்பாரு.

இல்ல தம்பி, அப்படிச் சொல்லாதீங்க. அதான் வாரா வாரம் பக்கத்துல நடக்குறீங்களே, கணக்கு முடிஞ்சு போச்சேன்னு ரங்கநாயகி கூடச் சொல்லுது. எப்படி முடியும்? நடக்குறது நானும் ரெங்கராஜும்தான், சரி. ஆனா அவன் கணக்குப்படி இன்னும் ஒத்தையாத்தான நடந்துக்கிட்டிருக்கான். என் கேள்வியை இவன்கிட்ட கேட்டு என்ன பண்றது, கேட்டா என்னையும் சேத்துக்கிட்டுப் பிச்சையைத்தான் திட்டுவான் போலருக்கு. அவன் என்னைத் தெரிஞ்சுக்கிட்டு, இவன்தான் பிச்சைன்னு தெரிஞ்சுக்கிட்டு, பக்கத்துல நடக்கணும். பத்தடி நடந்தாக் கூடப் போதும். அதை அவன் எனக்குத் தரணும். இன்னும் தரல.

மாம்பழச்சாலை வந்துருச்சு. அடுத்தது எங்க ஸ்டாப்பு. கொஞ்சம் காலை நகத்திக்கிறீங்களா, நான் முன்னால போயிக்கிறேன். பாத்துப் போயிட்டு வாங்க தம்பி.

ரெங்கராஜு அண்ணே, எறங்கணும், எந்திரிங்க. துண்டை எடுத்துக்குங்க. இந்தக் கம்பியைப் புடிச்சுக்குங்க, மெதுவா. பிச்சையா? இந்த பஸ்ல வரலீங்க. முன்னாடியே போயி ஆத்தோரமா நிக்கிறாரோ என்னமோ. வாங்க, நடந்து போயிப் பாப்போம்.